உப்புத் தெருவில் நாலு பாதங்கள்

தை 12, ஞாயிறு

மொன்றியலில் இரவு முழுக்க ஸ்நோ. விடியமுன்னமே நடைபாதைக்கு உப்புப் போட்டுவிட்டார்கள். வயதான சனங்கள் நடமாட அது வேண்டும். அதில் எனக்கு மனக்குறை இல்லை. ஆனால் ஜாரி பூங்காவுக்குத் திரும்பமுன்னமே எங்கள் நாய் மணி முன்காலைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டான். வீட்டுக்குக் கொண்டுவந்து வெளிச்சத்தில் பார்த்தால், பாதத்தின் நடு மெத்தையில் குறுக்கே வெடிப்பு. ஓரமெல்லாம் சாம்பல் நிறத்தில் செதில்.

அம்மா குனிந்து பார்த்தா. “எங்களுக்கு வாற பித்தவெடிப்பு மாதிரியெல்லோ கிடக்கு, பிள்ளை.”

நோவுத் தைலத்தை எடுக்கப் போனவவை மறித்தேன். நாய் பூசியதை நக்காமல் விடாது. கற்பூரம், தேயிலை மர எண்ணெய், துத்தநாகக் களிம்பு, வலி போக்கும் சாலிசிலேட் கிறீம் எல்லாம் அதன் வயிற்றுக்குள் போனால் நஞ்சு.

தை 14, செவ்வாய்

மிருக வைத்தியர் முதலில் பாதத்தைப் பார்க்கவில்லை. மூக்கைத் தொட்டுப் பார்த்தார், வயதைக் கேட்டார், தடுப்பூசிக் கணக்கைக் கேட்டார். காரணம் உண்டு. டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயிலும் மூக்கும் பாதமும் தடித்து இறுகும். ஹஸ்கி, மலமூட் இனங்களுக்குத் துத்தநாகக் குறைவால் செதில் பிடிக்கும். உடல் தன் தோலையே தாக்கும் பெம்பிகஸ் நோயும் பாதத்தில் தெரியும். கோடையிலும் வெடிப்பு ஆறாவிட்டால், நாலு காலும் ஒன்றாய்த் தடித்தால், சீழோ நாற்றமோ இருந்தால் வீட்டு வைத்தியத்தோடு நிற்கக்கூடாது. மணிக்குக் குளிர்காலத்தில் மட்டும்தான் இந்தக் கரைச்சல்.

“உப்புத்தான்,” என்றார்.

தை 19, ஞாயிறு

வைத்தியர் சொன்னதை மவுண்ட் ரோயலில் கண்ணாலே கண்டேன். பூங்கா வடிவமைப்பாளர் ஒல்ம்ஸ்ட்டெட் வரைந்து 1876இல் திறந்த அந்தப் பூங்காவின் மரங்களுக்கிடையே உப்புப் படாத ஸ்நோ. வீட்டுத் தெருவில் நொண்டிய அதே நாய், அதே குளிரில், கயிற்றை இழுத்துக்கொண்டு பாய்ந்தது.

குளிரைத் தாங்க நாய்ப் பாதத்துக்கு ஒரு ஏற்பாடு இருக்கிறது. யப்பானில் நினோமியா என்ற ஆய்வாளரின் குழு 2011இல் அதை விளக்கியது: பாதத்துக்கு வரும் சூடான இரத்தம், திரும்பிப் போகும் குளிர்ந்த இரத்தத்துக்குப் பக்கத்திலேயே பின்னிக்கொண்டு ஓடி அதைச் சூடாக்கிவிடுகிறது. மெத்தைக்குள் கொழுப்பும் உண்டு.

உப்புக்கு முன்னால் இந்த ஏற்பாடு தோற்றுப்போகிறது. சுத்தமான தண்ணீர் பூச்சியத்தில் உறையும். உப்புத் தண்ணீர் மைனஸ் 10 பாகையிலும் திரவமாகவே கிடக்கும். அது விரலிடுக்கில் ஊறி, தோலின் ஈரத்தை இழுத்து, சின்ன வெடிப்பைப் பெரிதாக்கும். வீட்டுப் படிகளில் சிலர் போடும் கல்சியம் குளோரைட் கரையும்போது சூட்டையும் கிளப்பும். நடந்து வந்த நாய் எரிச்சலில் பாதத்தை நக்கினால் உப்பு வயிற்றுக்குள் போகிறது, தோலும் இன்னும் ஊறுகிறது. இந்தச் சுழலை எந்தக் களிம்பாலும் நிறுத்த முடியாது. நிறுத்துவது தண்ணீர்.

வெளியே போய்வந்தால் கால் கழுவிவிட்டு உள்ளே வா என்று ஊரில் கிணற்றடியில் வளர்ந்தவர்கள் நாங்கள். இப்போது வாசலில் ஒரு சிறு வாளி. வெதுவெதுப்பான தண்ணீர், சூடு கூடாது, சோப்பும் வேண்டாம். ஒவ்வொரு பாதமாகத் தோய்த்து, விரலிடுக்கு வரை துவாயால் ஒற்ற வேண்டும். ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும்.

தை 22, புதன்

மைனஸ் 24. மைனஸ் 15ஐத் தாண்டினால் சாதாரண உப்பு ஐஸை அவ்வளவாகக் கரைக்காது. அதனால் பொடிக்கல் தூவியிருக்கிறார்கள். அது பாதத்தை அராவுகிறது. இன்றைக்கு மணிக்குச் சப்பாத்துத்தான். அலாஸ்காவின் இடிட்டரோட் ஓட்டத்தில், ஏறக்குறைய 1,600 கிலோமீற்றர் ஓடும் நாய்களுக்கே துணிச் சப்பாத்து எடுத்துச் செல்வது கட்டாயம். பழக்கம் வரும்வரை வீட்டுக்குள் போட்டு நடக்கவிட வேண்டும். நாய்க்கு வியர்வை பாதத்தில் என்பதால் திரும்பியதும் கழற்றிவிட வேண்டும்.

சப்பாத்துப் போடாத நாட்களில், வெளியே போகமுன் மெழுகு. பனிவண்டி நாய்களுக்கென்று வந்த மஷர்ஸ் சீக்ரெட் கடைகளில் கிடைக்கிறது. அம்மா தன் தேங்காய் எண்ணெயைத்தான் நம்புகிறா. அதுவும் சரி, ஆனால் 24 பாகைக்குக் கீழே அது கட்டி, கைச்சூட்டில் உருக்கி மெல்லிசாய்ப் பூச வேண்டும். அதைத் தனியே பூசினால் தெருவில் நிற்காது. ஒரு பங்கு தேன்மெழுகை நாலு பங்கு எண்ணெயோடு உருக்கி ஆறவைத்தால் பிடித்து நிற்கிறது. அளவு மீறினால் மெத்தை மென்மையாகி, இன்னும் சுலபமாய்க் கிழியும். மெத்தை தோல்போல் உறுதியாக இருக்க வேண்டும், குழந்தைக் கன்னம்போல் ஆக வேண்டியதில்லை.

மாசி 9, ஞாயிறு

வெடிப்பு மூடிவிட்டது. விரலிடை மயிரை மெத்தை மட்டத்துக்கு வெட்டிவிட்டேன். அதில்தான் ஸ்நோ உருண்டையாய்க் கட்டுகிறது. ஹீட்டர் பக்கத்திலிருந்த படுக்கையையும் நகர்த்தினேன். அந்த வறட்சியில் என் கையே வெடிக்கிறது.

பங்குனி 23, ஞாயிறு

ஸ்நோ இளகுகிறது. குளிர்காலம் முழுக்கப் போட்ட பொடிக்கல் இப்போதுதான் வெளியே தெரிகிறது, குழிகளில் உப்புக் கலங்கல். இந்த மாதத்தில்தான் பலர் கழுவுவதை விட்டுவிடுகிறார்கள். தெருக் கூட்டும் வண்டி வந்து போகும்வரை வாளி வாசலிலேயே இருக்கட்டும் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.