தவளை கத்தாத மூணு மா

வேளாங்கண்ணிக்குத் தெற்கே வெள்ளையாறு கடலில் கலக்கிறது. அதற்கு மேற்கே, காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் எங்கள் மூணு மா நிலம் இருந்தது. ஐப்பசியில் முதல் மழை விழுந்த ராத்திரி வயல் முழுக்கத் தவளை கத்தும். திண்ணையில் பேசுவது ஒருவருக்கொருவர் கேட்காது. திருப்பூருக்கு வந்து இத்தனை வருஷமாகியும் அந்தச் சத்தம்தான் எனக்கு ஊர்.

நாற்று விடுவதற்கு முன் தாத்தா வயலில் இறங்கி ஒரு கிள்ளு மண்ணை நாக்கில் வைத்துப் பார்ப்பார். துப்பிவிட்டு, "இன்னும் ரெண்டு மழை கேக்குதுடா" என்பார். அந்த ரெண்டு மழைத் தண்ணீரையும் வரப்புக் கட்டி நிறுத்தி, மூன்றாம் நாள் வடிகாலில் திறந்துவிடுவார். உப்பு கரைந்து போய்விடும். அவர் விதைத்தது குழியடிச்சான், உப்பைத் தாங்குகிற சிவப்பு நெல். அந்தப் பழைய சோற்றின் மணம் இப்போதும் மூக்கில் இருக்கிறது. அப்பா காலத்தில் கூடுதல் மகசூல் தரும் ரகங்கள் வந்தன, குழியடிச்சான் விதை குதிரிலிருந்தே போய்விட்டது.

2004 டிசம்பர் 26 அன்று கதிர் பிடித்து நின்ற சம்பாவுக்குள் சுனாமியாய்க் கடல் வந்தது. மாசி வெயிலில் வயல் சுண்ணாம்பு அடித்ததுபோல் உப்புப் பூத்துக் கிடந்தது. மேல்மண்ணைச் சுரண்டினோம். ஜிப்சம் போட்டோம், அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து மண்ணைப் பிடித்திருக்கும் சோடியத்தைத் தள்ளிவிடும், மழை அதை அடித்துக்கொண்டு போகும். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதோம். 2005-இல் பேய்மழை. அடுத்த வருஷம் பச்சை திரும்பிவிட்டது. வந்த கடல் போய்விடும் என்று நம்பினோம். அந்தக் கடல் போகவும் செய்தது.

போகாதது பக்கத்து இறால் குளம். விளைநிலத்தை இறால் குளமாக மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொல்லிவிட்டது. காந்தியவாதி ஜெகந்நாதன் தொடுத்த வழக்கு அது. அவரும் அவர் மனைவி கிருஷ்ணம்மாளும் இந்தக் கரையில் ஊர் ஊராக நடந்தார்கள். அப்படியும் எங்கள் மேற்கு வரப்பை ஒட்டிக் குளம் வெட்டினார்கள். உப்புத் தண்ணீர் வருஷம் முழுக்க நின்றது. கசிவு கண்ணுக்குத் தெரியாது. பயிரில்தான் தெரிந்தது.

கணுக்கால் தண்ணீரில் நின்ற நாற்று, சித்திரை வெயிலில் நிற்பதுபோல் இலை சுருண்டது; நுனி கருகியது. அப்பாயி மாவடு போடுவாள். உப்பில் பிசறிய வடு மறுநாள் தோல் சுருங்கி, ஜாடியில் தண்ணீர் விட்டிருக்கும். வேருக்கும் அதே கதிதான். வெளியே உப்பு ஏறிவிட்டால் வேரால் தண்ணீரை இழுக்க முடியாது. தண்ணீருக்குள் நின்றுகொண்டே பயிர் தாகத்தில் வாடும்.

அப்பா இதைச் சத்துக் குறைவு என்று நினைத்தார். ஒருவகையில் அது சரிதான். சாம்பல் சத்து நுழையும் வாசலில் சோடியம் கூட்டமாக வந்து அடைத்துக்கொள்கிறது. தழைச்சத்தைக் குளோரைடு மறிக்கிறது. மண்ணில் சத்து இருந்தும் பயிருக்குக் கிடைப்பதில்லை. இது தெரியாமல் கடன் வாங்கி யூரியாவும் பொட்டாஷும் மேலும் மேலும் போட்டார். பொட்டாஷும் ஒருவகை உப்புதானே. பூக்கும் பருவத்தில் கதிர் வெள்ளையாக நின்றது. கையில் உருவினால் பாதிக்குமேல் பதர். மண் பரிசோதனைச் சீட்டில் உப்பின் அளவு 9 என்று வந்தது. 4-க்கு மேல் போனாலே உவர் நிலம். நெல்லோ 3-லேயே தளர ஆரம்பிக்கும். அந்தச் சீட்டை அப்பா ரேஷன் கார்டுக்குள் மடித்து வைத்திருந்தார். அவர் போன பிறகுதான் என் கைக்கு வந்தது.

போன ஐப்பசியில் ஊருக்குப் போனேன். மூணு மாவிலும் உப்பில் வளரும் உமரிச் செடி சிவந்து படர்ந்திருந்தது. மதகுக் கல் மட்டும் பழைய இடத்தில் இருந்தது. சாயங்காலம் நல்ல மழை. ராத்திரி திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். தவளைக்கு உப்பு ஆகாது. மழை ஓடுகளில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. உள்ளே அம்மா தட்டு வைக்கும் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது.