வடநெம்மேலி பாம்புப் பானைகள்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் நோக்கிப் போனால், சுமார் 40 கிலோமீட்டரில் வடநெம்மேலி வருகிறது. முதலைப் பண்ணை என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். முதலைகளைப் பார்க்க வருகிறவர்கள் அந்த வளாகத்துக்குள்ளேயே இருக்கும் இன்னொரு சின்ன இடத்தைக் கவனிக்காமல் திரும்பிவிடுவதும் உண்டு. அதற்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டும். இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவு சங்கம் விஷம் எடுக்கும் இடம் அது.

தாழ்வான மணல் தளம். அதில் வரிசையாக மண்பானைகள், வாயில் துணி கட்டியபடி. சுற்றிலும் சுவரை ஒட்டிப் பார்வையாளர்கள் நிற்கிறார்கள். தொழிலாளி துணியை அவிழ்த்துக் கொக்கிக் கம்பியால் கண்ணாடி விரியனைத் தூக்கி மணலில் விடுகிறார். குக்கரில் ஆவி வருவதுபோல அது சீறியதும், பத்தடி மேலே பத்திரமாக நிற்கிற கூட்டம் ஓரடி பின்னால் போகிறது. மெல்லிய உறை இழுத்துக் கட்டிய கண்ணாடிக் குவளையை வாயருகே காட்டியதும் பாம்பு கடிக்கிறது. மஞ்சளாகச் சில துளிகள் கீழே இறங்குகின்றன. அவ்வளவுதான். இதை உலர்த்தித் தூளாக்கி மருந்துக் கம்பெனிகளுக்கு அனுப்புகிறார்கள். அங்கே சிறுகச் சிறுகக் குதிரைகளுக்குச் செலுத்தி, அவற்றின் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்து விஷமுறிவு மருந்து தயாரிக்கிறார்கள். நாட்டில் தயாராகும் மருந்தில் பெரும்பகுதிக்கு விஷம் இங்கிருந்துதான் போகிறது.

ஒரு பாம்பைச் சுமார் மூன்று வாரம் வைத்திருப்பார்கள். வாரத்துக்கு ஒரு முறை வீதம் நான்கு முறை விஷம் எடுத்தபின் மீண்டும் காட்டில் விட்டுவிட வேண்டும். வயிற்றுச் செதிலில் சிறு அடையாளம் வெட்டி அனுப்புவார்கள். திரும்பவும் அகப்பட்டால் அந்த அடையாளத்தை வைத்து விட்டுவிடுவார்கள். ஆண்டுக்கு எத்தனை பிடிக்கலாம் என்பதற்கு வனத்துறை அனுமதி உண்டு.

இந்த மக்களே ஒரு காலத்தில் பாம்பைக் கொன்று தோலுரித்து விற்றவர்கள். 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-ல் பாம்புத் தோல் ஏற்றுமதிக்கும் தடை வந்தது. பாம்பு தப்பித்தது, இருளர் அடுப்பு அணைந்தது. கிண்டி பாம்புப் பண்ணையை உருவாக்கிய ராமுலஸ் விட்டேகர், இருளர்களோடு வயல்வெளியில் அலைந்து அவர்கள் திறமையை அறிந்தவர். அவருடைய முயற்சியில் 1978-ல் இந்தச் சங்கம் அமைந்தது. கடப்பாரை ஒன்றுதான் இவர்கள் கருவி. வளையருகே கிடக்கும் எச்சத்தையும் சட்டையையும், மணலில் இழுபட்ட தடத்தையும் பார்த்தே உள்ளே இருப்பது எது என்று சொல்லிவிடுவார்கள். சங்கத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும் 2017-ல் மலைப்பாம்பு பிடிக்க அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைத்துப் போனார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. வரப்பில் எலி பிடிக்க மட்டும் இவர்களைக் கூப்பிட்டுப் பழகிய ஊர்கள் அன்று பத்திரிகையைப் பார்த்து வியந்திருக்கும்.

விவசாயி பாம்புக்குப் பயப்படுவதில் தப்பு ஒன்றும் இல்லை. 2000 முதல் 2019 வரையில் இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் கிராமத்துக்காரர்கள். தமிழக அரசு 2024 நவம்பரில், பாம்புக்கடியை மருத்துவமனைகள் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோயாக அறிவித்தது. நிலைமை இப்படியிருக்க, ‘பாம்பு நம் நண்பன்’ என்று சுவரில் எழுதி வைத்தால் நாற்று நடும் பெண் எப்படி நம்புவாள்? இருளர்களும் கம்பி இல்லாமல் பானையைத் தொடுவதில்லை. ஆனால் எந்தப் பாம்புக்கு எவ்வளவு பயப்பட வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். இந்தியாவில் 300-க்கும் மேற்பட்ட பாம்பு வகைகள் உண்டு. மலைப் பகுதியிலும் கடலிலும் இருக்கும் சிலவற்றைத் தள்ளினால், நம் வயலில் ஆளைக் கொல்பவை பெரும்பாலும் நான்கே: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். பானைகளில் இருப்பவையும் இவையே. மற்றவற்றுக்கும் சேர்த்துப் பயந்து அடித்துக் கொல்கிறோம். அதிகம் அடிபடுவது எலி தின்னும் சாரைதான்.

செய்யாறு பக்கத்திலிருந்து மனைவி, பேரப்பிள்ளைகளோடு வந்திருந்த பெரியவர் சுவரோரம் நின்று கேட்டார்: “தம்பி, சாரையும் நல்ல பாம்பும் ஜோடி சேருமாமே? மல்லாட்டைக் கொல்லையில நானே பார்த்திருக்கேன்.”

“அது ரெண்டும் ஆண் சாரைங்க ஐயா. மல்லுக்கட்டி நின்னிருக்கும். சாரையில ஆணும் இருக்கு, பொண்ணும் இருக்கு. நல்ல பாம்பு பசிச்சா சாரையையே முழுங்கிடும்.”

பெரியவர் முழுக்க நம்பிவிடவில்லை. கொம்பேறிமூக்கன் பற்றிக் கேட்டார். கடித்துவிட்டுச் சுடுகாட்டு மரத்தில் ஏறிப் புகை வருகிறதா என்று பார்க்கும் என்பது எல்லா ஊரிலும் உள்ள கதை. பல்லியும் ஓணானும் பிடித்துத் தின்று மரத்தில் கிடக்கும் விஷமற்ற பிராணி மேல் இப்படி ஒரு பழி! பச்சைப் பாம்பு கண்ணைக் கொத்தும், பாம்பு பழிவாங்கும், பால் குடிக்கும் என்பதெல்லாம் இதே வகைதான்.

பெரியவரின் மனைவி அதுவரை பேசவில்லை. கட்டுவிரியனை வெளியே எடுத்தபோதுதான், “இன்னொரு தரம் காட்டு தம்பி, நாங்க திண்ணையிலதான் படுக்கறோம்” என்றார். மின்னும் கறுப்பில் மெல்லிய வெள்ளைப் பட்டைகள், இரண்டிரண்டாக. தலைப்பக்கம் மங்கி, வாலை நோக்கித் தெளிவாகும். இதைப்போலவே தோன்றும் விஷமற்ற ஓநாய்ப் பாம்புக்குக் கழுத்திலேயே பட்டை தெளிவாக இருக்கும். கட்டுவிரியன் இரவில் தரையில் தூங்குபவரைக் கடிக்கும். வலியும் வீக்கமும் அநேகமாக இராது. விடியற்காலையில் வயிற்றுவலி, இமை சரிவு என்று தொடங்கும். அந்த அம்மாவுக்குத் தொழிலாளி சொன்னது: கட்டிலில் படுங்கள், கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிவிடுங்கள்.

பாம்பு வராமலிருக்க என்ன மருந்து தூவலாம் என்று விவசாயிகள் வேளாண்மை அலுவலகங்களில் ஓயாமல் கேட்கிறார்கள். கந்தகம், பூண்டு, பினாயில் எதையும் நம்ப முடியாது. எலி இருக்கும் வரை பாம்பு வரும். வரப்பைச் சிறிதாக்கினால் வளை குறையும். வைக்கோல் போரையும் விறகு அடுக்கையும் வீட்டுச் சுவரோடு சேர்த்து வைக்கக்கூடாது. இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவருக்கு டார்ச்சும் கணுக்கால் மூடும் காலணியும் வேண்டும்.

கடித்துவிட்டால் கட்டுப்போட வேண்டாம், கீற வேண்டாம், மந்திரிக்கப் போக வேண்டாம். கை காலை அசைக்காமல் 108-ல் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே மருந்து இலவசம். ரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்து உறைகிறதா என்று பார்ப்பார்கள். பாம்பைத் தேடிப்போய் அடித்துக் கொண்டுவர வேண்டிய அவசியம் இல்லை. அப்படித் தேடிப்போய் இரண்டாவது ஆளும் கடிபடுவது உண்டு. வடநெம்மேலிப் பானைகளில் உள்ள நான்குக்கும் மருந்து ஒன்றுதான்.