பதினஞ்சு தௌ

ஷெட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்து எட்டு மாதம் ஆகிறது. இன்னும் போன் வருகிறது. "வேலை ஒண்ணும் இல்ல மாஸ்டர், ஒரு சந்தேகம்தான்" என்று ஆரம்பிப்பார்கள். சந்தேகத்துக்குக் கூலி கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

போன மாதம் கூப்பிட்டவர் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருப்பவர். தாத்தா வைத்திருந்த எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் இப்போது அவர் கையில். 1967 மாடல், 1798 சிசி, இரட்டை எஸ்யூ கார்புரேட்டர். இருபது வருஷம் அந்த வண்டியை நான்தான் பார்த்தேன். ஊரடங்கு நாளில் அவரே ஸ்பேனர் பிடிக்க ஆரம்பித்தார். "இதுக்கெல்லாம் எதுக்கு மாஸ்டர் மெக்கானிக்? மேனுவல் இருக்கு, வீடியோ இருக்கு" என்று என் ஷெட்டிலேயே நின்று சொன்னார். சிரித்து வைத்தேன். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் சொன்னதில் பாதி நியாயம்தான். ஆயில் மாற்ற, பிளக் துடைக்க, டேஷ்பாட்டில் ஆயில் ஊற்ற ஆள் வைப்பது காசுக்குப் பிடித்த கேடு. சொந்தக்காரர் கையில் அவசரமும் இருக்காது. மாற்றாத ஃபில்டருக்கு பில் போட்ட மெக்கானிக்குகளை நானே பார்த்திருக்கிறேன். வீடியோக்காரர்களுக்குக் கூட்டம் சேர்த்துக் கொடுத்ததே அவர்கள்தான்.

டாப்பட் வேறு. வால்வுத் தண்டுக்கும் ராக்கருக்கும் நடுவே விடும் இடைவெளி அது. தௌ கணக்கில் வைக்க வேண்டும், ஒரு தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

"15 தௌ கரெக்டா வெச்சேன். ஒன்பது கணக்கும் பார்த்தேன். சத்தம் போகல" என்றார் போனில். ஒன்பது கணக்கு தெரிந்ததுதானே: எட்டாம் வால்வு முழுசாகத் திறந்திருக்கும்போது ஒன்றாவதை வைக்க வேண்டும், ஏழாவது திறந்திருக்கும்போது இரண்டாவதை.

"அப்புறம் என்ன பண்ணீங்க?"

"சத்தம் நிக்கிற வரைக்கும் எல்லாத்தையும் டைட் வெச்சேன்."

"வண்டிய எடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டினேன்.

1979-இல் நானும் இதைச் செய்திருக்கிறேன். புதுப்பேட்டையில் பாய் ஷெட்டில் சேர்ந்து ஐந்து வருஷம், எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. ஒரு ஃபியட்காரர் சத்தம், சத்தம் என்று மூன்று தடவை வந்து நின்றார். எட்டு வால்வையும் இறுக்கி, தையல் மிஷின் மாதிரி ஓடவிட்டு அனுப்பினேன். மனுஷர் சந்தோஷப்பட்டு ஐந்து ரூபாய் கூடவே கொடுத்தார். இரண்டு மாதத்தில் வண்டி கயிறு கட்டி வந்தது. ஹெட்டைக் கழற்றினால், மூன்றாம் சிலிண்டர் எக்ஸாஸ்ட் வால்வின் ஓரம் கடித்த அப்பளம் மாதிரி இருந்தது. சூட்டில் வால்வு நீளும். அதற்கு இடம் விடாவிட்டால் சீட்டில் முழுசாக உட்காராது. உட்கார்ந்தால்தான் அதன் சூடு ஹெட்டுக்கு இறங்கும்.

பாய் அந்த வால்வை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். திட்டவில்லை. மதியம் டீ குடிக்கும்போது மட்டும், "கத்துற வால்வு பிழைச்சுக்கும்டா. கத்தாததுதான் கருகும்" என்றார். மூன்று மாதம் எனக்கு டாப்பட் வேலை தரவில்லை. அதற்குப் பதிலாகப் பழைய ராக்கர்களை ஒரு தகர டப்பாவில் போட்டுக் கொடுத்து, நுனியை நகத்தால் தடவச் சொன்னார். வால்வுத் தண்டு லட்சக்கணக்கில் இடித்ததில் நுனியில் ஒரு குழி விழுந்திருக்கும். கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, நகம் இடறும். ஃபீலர் கேஜ் தகடு அந்தக் குழிமேல் பாலம் போட்ட மாதிரி கிடக்கும். கேஜ் 15 என்று சொல்லும், உள்ளே 20 இருக்கும். பாய் ஒரு தகட்டை மட்டும் தண்டைவிடக் குறுகலாகத் தேய்த்து, பனியன் துணியில் சுற்றி வைத்திருப்பார். யாரையும் தொட விடமாட்டார். இப்போது அது என்னிடம் இருக்கிறது. 15 தௌ என்பது நாலைந்து தலைமுடி கனம். அதற்குள்தான் எங்கள் பிழைப்பு.

எம்ஜிபி ராக்கர் கவரைத் திறந்தேன். ஐந்தாம் ராக்கரில் நகம் இடறியது. அவரையும் தடவிப் பார்க்கச் சொன்னேன். இரண்டு தடவை தடவினார்.

"இது வீடியோல வரலையே மாஸ்டர்."

புது ராக்கர் போட்ட இஞ்சினில் படம் பிடித்தால் எப்படி வரும்?

அவரையாவது சொல்லலாம், நகத்தை வைத்தார். தொழிலுக்கு வரும் பையன்கள் ஸ்கேனரை மாட்டுகிறார்கள். எரர் கோட் வந்தால் அந்த சென்சாரை மாற்றுவார்கள், வராவிட்டால் "வண்டி நல்லாத்தான் இருக்குண்ணா" என்பார்கள். என் அக்கா மகன் பெரிய சர்வீஸ் சென்டர் ஒன்றில் பத்து வருஷமாக இருக்கிறான். ஒரு வால்வைக் கையில் பிடித்துப் பார்த்ததில்லை. சம்பளம் மட்டும் நான் வாங்காத சம்பளம்.

புது ராக்கர் வர மூன்று வாரம் ஆனது. மாட்டி, 15 வைத்து, பாயின்ட், டைமிங் பார்த்து, கடைசியில் கார்புரேட்டருக்கு வந்தோம். இந்த வரிசையை மாற்றுகிறவர்களோடு எனக்குப் பேச்சே கிடையாது. ஏர் ஃபில்டரைக் கழற்றி, இரண்டையும் இணைக்கும் க்ளாம்பைத் தளர்த்தி, ரப்பர் ட்யூபின் ஒரு நுனியை கார்புரேட்டர் வாயிலும் மறுநுனியைக் காதிலும் வைத்தேன். இரண்டிலும் உஸ் சத்தம் ஒரே அளவில் வர வேண்டும்.

"சரியா இருக்கு" என்றேன்.

அவர் ட்யூபை வாங்கி முன்னால் வைத்தார், பின்னால் வைத்தார், மறுபடி முன்னால். "முன்னாலது கொஞ்சம் பலமா இழுக்குதோ மாஸ்டர்?"

ஐம்பது வருஷம் இஞ்சின் பக்கமே சாய்த்து வைத்த வலது காது. ட்யூபை இடது காதுக்கு மாற்றி மறுபடி கேட்டேன்.

"அந்த ஐடில் ஸ்க்ரூவைக் கால் சுத்து தளர்த்துங்க" என்றேன்.