ஆக்சிலுக்கு முன்னால் ஷாஃப்ட்

எங்கள் போடிநாயக்கனூரில் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு, போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, கேரள எல்லைக்குள் போய், இருட்டுவதற்குள் திரும்பும். தார்ச்சாலை முடிந்து தோட்டத்துப் பாதை தொடங்கும் இடத்தில்தான் ஜீப்பின் உண்மையான வேலை ஆரம்பம். பாறை, சேறு, ஓடை எல்லாம் அதில் உண்டு.

நான் பாலிடெக்னிக் ஒன்றில் 31 ஆண்டுகள் ஆட்டோமொபைல் பட்டறையில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்றாலும் சொந்தக்காரர்கள் விடுவதில்லை. போன ஆவணியில் என் தங்கை மகன் வந்தான். அவனிடம் ஒரு பழைய ஜீப் இருக்கிறது. வாங்கும்போதே கமான் பட்டைகளை மாற்றி யாரோ 4 அங்குலம் உயர்த்தியிருந்தார்கள். அப்படி உயர்த்திய வண்டியைப் பொதுச்சாலையில் ஓட்டச் சட்டம் இடம் தராது என்பதால் தோட்டத்துக்குள் மட்டும் ஓட்டுகிறான். காய் எடுக்கிற பெண்களும் மூட்டைகளும் அதில்தான் ஏறி இறங்க வேண்டும்.

"மாமா, பெரிய ஆக்சில் ஒண்ணு பழைய இரும்புக் கடைல கிடைக்குது. நாளைக்கு அட்வான்ஸ் குடுக்கப் போறேன்" என்றான்.

"இப்ப இருக்கிற ஆக்சில் என்னப்பா பண்ணுச்சு?"

"அது ஒண்ணும் பண்ணல மாமா. ஷாஃப்ட்ல கிராஸ்தான் அடிக்கடி போகுது. மூணு மாசத்துல ரெண்டு தடவ."

முறிவது ஓரிடம், பணம் போவது வேறிடம். "அட்வான்ஸ் ஒரு வாரம் நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, மறுநாள் அவனோடு தோட்டத்துக்குப் போனேன்.

வாகனப் பழக்கம் இல்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இன்ஜினின் சக்தி கியர் பாக்ஸ், ட்ரான்ஸ்ஃபர் கேஸ் வழியாக வந்து, புரொப்பல்லர் ஷாஃப்ட் என்ற குழாய் மூலம் ஆக்சிலுக்குப் போகிறது. ஆக்சில் பள்ளம் மேட்டுக்கு ஏறி இறங்கும்; ட்ரான்ஸ்ஃபர் கேஸ் சேசிஸோடு நிற்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் வளைந்து கொடுப்பதற்காகத்தான் ஷாஃப்டின் இரு முனையிலும் கூட்டல் குறி வடிவத்தில் ஒரு கிராஸ் வைத்திருக்கிறார்கள்.

வண்டியை உயர்த்தினால் ஆக்சில் கீழேயே நிற்க, ட்ரான்ஸ்ஃபர் கேஸ் மட்டும் மேலே போகும். லாரியின் நீளமான ஷாஃப்டுக்கு இது பெரிய விஷயமில்லை. இந்த ஜீப்பின் பின் ஷாஃப்ட் சுமார் அரை மீட்டர்தான். 4 அங்குலம், அதாவது 10 சென்டிமீட்டர் உயர்த்தினால் சாய்வு 11, 12 டிகிரி கூடிவிடும். நான் அளந்தபோது மொத்தச் சாய்வு 21 டிகிரி இருந்தது.

சாய்ந்த கிராஸ் ஒரே வேகத்தில் சுற்றாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடும், இரண்டு முறை குறையும். 10 டிகிரியில் அந்த ஏற்ற இறக்கம் ஒன்றரை சதவீதம். 20 டிகிரியில் 6 சதவீதம். சாய்வு இரட்டிப்பானால் தடுமாற்றம் நான்கு மடங்கு. மேல் கிராஸ் செய்யும் தடுமாற்றத்தைக் கீழ் கிராஸ் சரிக்கட்ட வேண்டுமானால், இரண்டின் சாய்வும் சமமாக இருக்க வேண்டும். ஷாஃப்டின் இரு முனைக் கவைகளும் ஒரே நேர்க்கோட்டில் நிற்க வேண்டும்.

இவனுடைய வண்டியில் அதுவும் இல்லை. சாய்வைக் குறைப்பதாக நினைத்து, பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஒரு இரும்பு ஆப்பு வைத்துப் பினியனை மேலே தூக்கியிருந்தார்கள். மேலே 21, கீழே 15. இரட்டை ஜாயின்ட் வைத்த ஷாஃப்டாக இருந்தால் பினியனை மேலே தூக்குவது சரி. சாதாரண ஷாஃப்டுக்கு அது நிஜமாகவே ஆப்புதான். போதாததற்கு, ஷாஃப்ட் நீண்டு சுருங்குகிற ஸ்ப்ளைனும் பாதிக்கு மேல் வெளியே வந்து, நுனியில் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது.

இப்போது கணக்கைப் பாருங்கள். முதல் கியர் இன்ஜினின் முறுக்கை ஏறத்தாழ மூன்று மடங்காக்கும். ட்ரான்ஸ்ஃபர் கேஸின் லோ அதை மேலும் இரண்டரை மடங்காக்கும். ஷாஃப்டுக்கு வருவது ஏழரை மடங்கு. நம்மூரில் ஏழரை என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. முன்பு பாறையில் டயர் சிக்கினால் ஷாஃப்டோ ஆக்சிலோ, எது பலவீனமோ அது முறியும். ஆக்சிலை மட்டும் பலப்படுத்தி டயரையும் பெரிதாக்கினால், முறிவதற்கு ஷாஃப்ட் ஒன்றுதான் மிச்சம்.

முறிந்தால் வழியில் நிற்கப் போகிறோம், அவ்வளவுதானே என்று மருமகன் கேட்டான். அங்கேதான் விஷயம் இருக்கிறது. பழைய வில்லிஸ் வழி வந்த ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. ட்ரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கம் இருக்கிறது. அது பிடிப்பது பின் ஷாஃப்டைத்தான். ஷாஃப்ட் முறிந்தால், முன் சக்கர இணைப்பும் போடாமல் இருந்தால், கியரில் நிறுத்தினாலும் நிற்காது, ஹேண்ட் பிரேக் இழுத்தாலும் நிற்காது. மிச்சம் இருப்பது கால் பிரேக் ஒன்றுதான். வண்டி நிற்பது சரிவில், பின்னால் உட்கார்ந்திருப்பது பத்துப் பேர்.

அவன் அதன் பிறகு ஆக்சில் பேச்சை எடுக்கவில்லை.

உயரத்தை 4 அங்குலத்திலிருந்து 2 ஆக இறக்கினோம். ஆப்பை எடுத்தோம். இரு முனையிலும் 15 டிகிரி சமமாக வந்தது. பெரிய கிராஸ், நீளமான ஸ்ப்ளைன், கனமான குழாய் வைத்து மதுரையில் ஒரு பட்டறையில் ஷாஃப்ட் செய்து, பேலன்ஸும் பார்த்தோம். கழற்றி மாட்டும்போது கவைகள் மாறிவிடாமல் இருக்க இரண்டு பக்கமும் உளியால் குறி போட்டுக் கொடுத்தேன்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது ஜீப்பை உயர்த்தி வைத்திருந்தால், அடியில் குனிந்து இந்த மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்: இரண்டு முனைச் சாய்வும் சமமா, கவைகள் நேர்க்கோட்டில் இருக்கின்றனவா, ஸ்ப்ளைன் எவ்வளவு உள்ளே இருக்கிறது. சரிவில் நிறுத்தினால் சக்கரத்துக்குக் கல் வைக்கவும் சொல்லுங்கள்.

ஏலக்காய் சீசன் முடிந்துவிட்டது. கிராஸ் இன்னும் அப்படியே இருக்கிறது. ஆக்சிலை அடுத்த விளைச்சல் பார்த்து வாங்குவதாகச் சொல்கிறான். அப்போது பினியன் இருக்கும் இடம் மாறும், சாய்வை மறுபடி அளக்க வேண்டும், ஷாஃப்டின் நீளமும் மாறும். குழாயை வெட்டி நீளம் திருத்தி, பினியன் பக்கத்து முகப்பை மாற்றி, மறுபடி பேலன்ஸ் பார்த்தால் போதும். கிராஸும் ஸ்ப்ளைனும் அந்த ஆக்சிலையும் தாங்கும் அளவில்தான் போட்டிருக்கிறோம்.