கூகைக்குக் கோபுரமும் பாறைதான்

பூதலூரில் மலை கிடையாது. கல்லணைக் கால்வாய் பாயும் வயல்வெளி. குன்றும் குடைவரையும் அங்கே வாழும் பறவைகளும் வேண்டுமென்றால் தெற்கே நார்த்தாமலைக்கோ சித்தன்னவாசலுக்கோ போகவேண்டும் என்பார்கள். பறவைக்கு இந்தக் கணக்கு தெரியாது. பாறை இடுக்கில் அடையும் மாடப்புறாவுக்கும் வெண்கூகைக்கும் பழைய கோபுரத்துப் பொந்தும் பாறைதான். 1010இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயில் விமானத்துக்கே தட்சிணமேரு என்று பெயர். சமவெளியில் சோழன் எழுப்பிய மலை! அதனால் திருப்பணி என்ற பெயரில் எல்லாப் பொந்தையும் சிமென்ட் வைத்து அடைப்பதை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

எச்சம் கல்லையும் ஓவியத்தையும் கெடுக்குமே என்பது நியாயமான கேள்வி. சித்தன்னவாசல் ஓவியத்தின் மேல் ஒரு துளிகூட விழக்கூடாது. ஓவியமுள்ள அறைக்கு வலை அடியுங்கள், வெளிப்பொந்தை விடுங்கள். பறவை பயிருக்குக் கேடு என்பார்கள்; மயில் நெல்லைத் தின்கிறது என்பதும் உண்மை. மயிலுக்காக நான் வாதாடவில்லை. கூகையின் முக்கிய இரை எலி. கூகையை வரவழைக்கத்தான் வயலில் பறவை தாங்கிக் குச்சி நடச் சொல்கிறார்கள். பகலில் தங்கும் பொந்தை அடைத்துவிட்டு இரவுக்குக் குச்சி நடுவது, இலை போட்டுவிட்டு வாசலைப் பூட்டுகிற விருந்து. கூகை அலறினால் சாவு என்பவர்கள், வரப்பில் இருக்கும் எலிவளைகளை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.