சுண்டலுக்கும் பொரிக்கும் எந்த மெத்தை?

“இந்த வீட்ல எலிக்குப் பொறி வெச்சுதான் பழக்கம். நீ மெத்தை வெக்கிறியேம்மா!” என்றார் என் மாமியார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள் அடம்பிடித்து வாங்கிய இரண்டு கினிப்பன்றிகள் வீட்டுக்கு வந்து அப்போது ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பெயரில்தான் பன்றி. உண்மையில் எலி, அணில் போலக் கொறிக்கும் இனம். வால் கிடையாது. ஒன்றுக்குச் சுண்டல், இன்னொன்றுக்குப் பொரி என்று பெயர் வைத்திருந்தாள்.

பொரி கடையிலிருந்தே தும்மிக்கொண்டுதான் வந்தது. அங்கே மாவு மாதிரி மரத்தூளைக் கொட்டி, அதன் மேல் பத்துப் பதினைந்து உயிர்களை அடைத்து வைத்திருந்தார்கள். இரண்டு நாளில் கண்ணில் நீர் வடிய ஆரம்பித்தது. மகள் சாப்பிடாமல் கூண்டின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அவர் கேட்ட முதல் கேள்வி, “கூண்டுக்கு அடியில என்ன போட்டு வெச்சிருக்கீங்க?”

பிறகு பொறுமையாக விளக்கினார். இந்த இனம் முழுக்க மூக்கால்தான் மூச்சு விடும், நம்மைப் போல வாயால் சமாளிக்கத் தெரியாது. அந்த மூக்கும் தரையிலிருந்து ஓர் அங்குல உயரத்தில் இருக்கிறது. படுக்கையில் தூசி இருந்தால் நேராக உள்ளே போகும். சிறுநீர் தேங்கினால் பாக்டீரியா அதை அமோனியாவாக மாற்றும். நின்றுகொண்டு பார்க்கும் நமக்கு லேசான நெடிதான். அங்கேயே படுத்திருக்கும் உயிருக்கு அதுதான் காற்று. “மருந்து தர்றேன். ஆனா அடியை மாத்தலைன்னா திரும்பவும் வருவீங்க” என்றார். வீட்டில் மிச்சமிருக்கும் குழந்தைகளுக்கான அமாக்சிசிலின் சிரப்பைக் கொடுத்துவிடக் கூடாது என்றும் எச்சரித்தார். பென்சிலின் வகை மருந்துகள் கினிப்பன்றியின் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்களை அழித்து, உயிரையே எடுத்துவிடுமாம்.

அன்று ராத்திரியே போனில் தேடினோம். வெளிநாட்டுக் காகிதப் படுக்கை கிடைக்கிறது. ஒரு பை விலையில் எங்கள் வீட்டுக்குப் பத்து நாள் பால் வாங்கலாம். அதுவும் இரண்டு வாரம்தான் வரும். வீட்டிலேயே தையல் மெஷின் மிதித்துச் சம்பாதிக்கும் எனக்கு அது கட்டுப்படியாகாது. அதனால் திருவண்ணாமலையில் என்ன கிடைக்கிறது என்று பார்க்கக் கிளம்பினேன்.

முதலில் தச்சுப் பட்டறை. “சும்மாவே அள்ளிட்டுப் போங்கக்கா” என்றார் ஆசாரி. ஆனால் கீழே கிடந்தது தேக்குத்தூளும் பிளைவுட் தூளும் கலந்த கலவை. தேக்குத்தூள் மனிதர்களுக்கே தோல் அரிப்பைத் தரும். பிளைவுட்டில் பசை இருக்கிறது. இழைப்புளியில் சுருள் சுருளாக வரும் சீவலில் தூசி குறைவு, ஆனால் எந்த மரம் என்று தெரிய வேண்டும். 1967-லேயே எலியட் வெசல் என்ற அமெரிக்க விஞ்ஞானி, செடார், பைன் மரச்சீவலில் வளர்ந்த எலிகளின் கல்லீரல் நொதிகள் மாறிவிடுவதைக் கண்டுபிடித்து ‘சயின்ஸ்’ இதழில் எழுதியிருக்கிறார். மணக்கும் மரம் நமக்கு நல்லதாகத் தோன்றும். எலிக்கு அது கல்லீரலுக்குக் கூடுதல் வேலை.

அடுத்து உமி. ஆரணி ரைஸ்மில்களுக்குப் பேர் போன மாவட்டம் எங்களுடையது, உமிக்கா பஞ்சம்? நம் நாட்டு ஆய்வுக்கூடங்கள் பலவற்றில் எலிகளுக்கு நெல் உமிதான் படுக்கை. ஆனால் அங்கே அதைச் சுத்தம் செய்து, ஆட்டோகிளேவில் 121 டிகிரி நீராவியில் வேகவைத்த பிறகே போடுகிறார்கள். ஆட்டோகிளேவ் என்பது வேறொன்றுமில்லை, நம் குக்கருக்குப் பெரியண்ணன். மில்லிலிருந்து நேராக வரும் உமியில் தவிடும் தூசியும் பூச்சியும் இருக்கும். முனையும் குத்தும். சலித்து, மொட்டை மாடி வெயிலில் இரண்டு நாள் காயவைத்தால், ஈரம் உறிஞ்ச அடியில் போடலாம். மேலே அதையே பரப்பிப் படுக்கவிட எனக்கு மனம் வரவில்லை.

“மல்லாட்டைத் தோல் போடேன், வீட்லயே கிடக்குதே” என்றார் மாமியார். எங்கள் பக்கம் வேர்க்கடலை மல்லாட்டைதான். ஈரம் பட்ட கடலையில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உருவாகும். 1960-ல் இங்கிலாந்தில் பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கைத் தின்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்த பிறகுதான் அந்த நஞ்சே உலகத்துக்குத் தெரிந்தது. படுக்கையையும் கொறித்துப் பார்க்கும் உயிருக்கு அது வேண்டாம் என்றதும் மாமியாரும் ஒப்புக்கொண்டார். வைக்கோல் கொறிக்கவும் ஒளியவும் சரி, ஆனால் சிறுநீரை உறிஞ்சாது. பழைய செய்தித்தாளில் அச்சு மை. அதில் பஜ்ஜி மடிக்காதீர்கள் என்று 2016-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நமக்கே சொல்லியிருக்கிறது.

கடைசியில் வழி கிடைத்தது ஒரு பிரிண்டிங் பிரஸ்ஸில். கல்யாணப் பத்திரிகை, தீபத்துக்கான நோட்டீஸ் எல்லாம் அடித்து முடித்து ஓரம் வெட்டுவார்கள் இல்லையா? அந்த அச்சடிக்காத வெள்ளைத்தாள் துண்டுகள் மூட்டை மூட்டையாக எடைக்குப் போகின்றன. அதே எடை விலைக்கு எனக்கும் கொடுத்தார்கள். பளபளவென்று இருக்கும் ஆர்ட் பேப்பரையும் பின்னையும் பொறுக்கி எடுத்துவிட்டு, மெல்லிசாக நறுக்கிக்கொள்ள வேண்டும். அது மகளின் வேலை.

இப்போது எங்கள் வீட்டு ஏற்பாடு இதுதான். அடியில் பழைய பருத்தி வேட்டி, இரண்டு மடிப்பு. மேலே இரண்டு அங்குலத்துக்குக் காகிதச் சீவல். அவை வழக்கமாகச் சிறுநீர் கழிக்கும் மூலையில் மட்டும் காகிதத்துக்கு அடியில் காய்ந்த உமி. நனைந்ததைத் தினமும் காலையில் எடுத்துவிடுவோம், நான்கு நாளுக்கு ஒருமுறை எல்லாமே புதுசு. டர்க்கி டவல் வேண்டாம், அதன் நூல் வளையத்தில் நகம் மாட்டும். தட்டைக் கழுவப் பினாயில் கூடாது, அந்த நெடியே அவற்றுக்குக் கேடு. வெள்ளையாகப் படியும் கறைக்கு வினிகர் போதும். எறும்புக்குச் சாக்பீஸோ அந்துருண்டையோ வைக்காமல், அந்தக் காலத்து அலமாரி மாதிரி கூண்டு ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்திவிட்டோம். அது மாமியாரின் யோசனை.

உமியையும் காகிதத்தையும் மூடி போட்ட டின்னில்தான் வைக்கிறேன். திறந்த சாக்கில் வைத்தால் வீட்டு எலி அதில் சிறுநீர் கழிக்கும். எலிக்காய்ச்சல் பரவும் வழிகளில் அதுவும் ஒன்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் டின்னுக்குள்ளும் ஈரம் தட்டும் என்பதால், வெயில் தலைகாட்டும்போதெல்லாம் மாடியில் பரப்பிவிடுவேன். கூண்டில் கை வைத்துவிட்டு வந்தால் சோப்பு போட்டுக் கழுவாமல் சாப்பாட்டுத் தட்டைத் தொடக் கூடாது என்பது மகளுக்குச் சட்டம்.

இரண்டு வாரத்தில் பொரியின் தும்மல் நின்றது. மருந்தா, மெத்தையா என்று கேட்டேன். “ரெண்டும்தாம்மா” என்றார் டாக்டர்.

வெள்ளெலி என்று நாம் சொல்லும் ஹாம்ஸ்டர் வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது குழி தோண்டி வாழும் உயிர். இரண்டு அங்குலம் பத்தாது, ஆறு அங்குலமாவது காகிதம் வேண்டும். மெத்தென்று இருக்கட்டும் என்று பஞ்சை மட்டும் வைத்துவிடாதீர்கள். இழை காலில் சுற்றிக்கொள்ளும், விழுங்கினால் குடலை அடைக்கும்.

உங்கள் வீட்டுப் பிள்ளையும் இப்படி ஒரு குட்டிக்கு அடம்பிடித்தால், கூண்டின் விலையை அப்புறம் விசாரிக்கலாம். முதலில், அதற்குப் படுக்கையாகப் போட நினைப்பதில் ஒரு கைப்பிடி எடுத்து வெயிலில் உதறிப் பாருங்கள். தூசி பறந்தால் வேண்டாம். முகர்ந்து பாருங்கள், எந்த வாசனை வந்தாலும் வேண்டாம், நல்ல வாசனையாக இருந்தாலும்தான். உள்ளங்கையில் இறுக்கிப் பிடியுங்கள், சில்லென்று ஈரம் தட்டினால் அதுவும் வேண்டாம். மூன்றிலும் தேறியதைத் தினமும் காலையில் யார் மாற்றப் போகிறார்கள் என்று பிள்ளையிடம் கேளுங்கள். பதில் வந்த பிறகு கடைக்குப் போகலாம்.