சாதா போதுமா, 95 போடணுமா?

தாம்பரம் தாண்டி ஜிஎஸ்டி சாலையோரம் இருக்கும் அந்த பங்க்குக்குள் காலை ஒன்பது மணிவாக்கில் ஸ்கூட்டரை விட்டேன். 110 சிசி வண்டி. நாசிலைப் பிடித்திருந்த தம்பி, "95 போடட்டுமா சார்? பிக்கப் நல்லா இருக்கும், மைலேஜும் கூடும்" என்றார். அன்று சாதா லிட்டர் 100 ரூபாய் 80 காசு. 95-க்கு எட்டு ரூபாய் சொச்சம் கூடுதல். ஆனால் இரண்டு பம்பிலும் ஒட்டியிருந்தது ஒரே ஸ்டிக்கர்: 'இ20'. நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால்.

சாதாவே போடச் சொல்லி, ஃபில்டர் பேப்பர் கேட்டேன். வாடிக்கையாளர் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். நாசில் வாயைத் துடைத்து ஒரு சொட்டு விட்டார். வட்டமாகப் பரவி, வாடை மூக்கில் ஏற, இரண்டு நிமிடத்துக்குள் காய்ந்துவிட்டது. வெயிலில் தூக்கிப் பார்த்தேன், கறை இல்லை. மண்ணெண்ணெய் கலந்திருந்தால் திட்டு நின்றிருக்கும்.

அடுத்து டென்சிட்டி. "இதெல்லாம் யாரும் கேக்குறதில்ல சார்" என்றபடியே மேனேஜர் 500 மில்லி கண்ணாடி ஜாடியும் ஹைட்ரோமீட்டரும் கொண்டுவந்தார். மிதவை 738-இல் நின்றது. வெப்பமானி 31 டிகிரி. அட்டவணையைப் பார்த்து 15 டிகிரிக்கு மாற்றினால் 752 வாக்கில் வருகிறது. ரிஜிஸ்டரில் காலையில் எழுதியது 751. வித்தியாசம் 3-ஐத் தாண்டினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

கலப்படம் இருக்கிறதா என்பதற்குத்தான் இந்தச் சோதனைகள். 95 என்ற ஆக்டேன் எண் இதில் தெரியாது. ஆய்வகத்தில் அதற்கென்றே இருக்கும் இன்ஜினில் ஓட்டித்தான் அளக்கிறார்கள். ஆக்டேன் என்பது சக்தியும் அல்ல. சிலிண்டருக்குள் அழுத்தும்போது, ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ வந்து சேரும் முன்பே தானாக வெடிக்காமல் தாங்கும் திறன். தாங்காவிட்டால் மேடு ஏறும்போது இன்ஜின் 'டக் டக்' என்று தட்டும்.

பிஎஸ்-6 பெட்ரோலுக்குக் குறைந்தபட்சம் 91 என்றிருந்த விதி, இ20-க்கு 95 ஆகிவிட்டது. ஆக, சாதா என்று ஊற்றுவதே விதிப்படி 95தான். கூடுதல் காசு, இன்ஜினைச் சுத்தமாக வைக்கும் என்று கம்பெனிகள் சொல்லும் சேர்மானத்துக்கு.

சீட்டைத் தூக்கி வண்டியின் கையேட்டைப் புரட்டினேன். 91 அல்லது அதற்கு மேல் என்று இருந்தது. கம்ப்ரஷன் ரேஷியோ 10-ஐ ஒட்டி இருக்கும் வண்டிகளுக்கு அது தாராளம். 12-ஐத் தாண்டும் ஸ்போர்ட்ஸ் பைக் வைத்திருப்பவர்கள் கையேடு கேட்கும் எண்ணுக்குக் கீழே இறங்கக் கூடாது.

பக்கத்து பம்பில் பழைய பைக்கோடு நின்றவர், மைலேஜ் குறைந்ததால் 95-க்கு மாறியதாகச் சொன்னார். பெட்ரோலைவிட எத்தனாலில் லிட்டருக்கு மூன்றில் ஒரு பங்கு வெப்பம் குறைவு; மைலேஜ் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அவர் போட்டதிலும் அதே இருபது பங்கு எத்தனால். பின்டயரோ பாதிக்கு அமுங்கிக் கிடந்தது. காற்று அடிக்கும் இடம் பத்தடி தூரம்தான், காசும் கிடையாது.